காதுகுத்துக்கு வந்த தாய்மாமன்

மகனே, கடிதம் என்றால் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும் என்று பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே சுகம் பாதிதான். அதனால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை நீ மிங்கலாடோனில் விமானம் ஏறப்போகிறாய். அந்த வெள்ளைக்காரர்களின் நாட்டில் ஒரு வருஷம் படிப்பு, தங்குவதும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. ஆறு மாதம் போனால் சரசுவும் குழந்தையும்கூட உன்னிடம் வந்துவிடலாம் என்றும், அதற்கு வேண்டிய படங்களையும் காகிதங்களையும் சரசு அன்றைக்கு விமான நிலையத்துக்கே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருக்கிறாய். அதற்கு நானும் உன் பெண்டாட்டியும் கலந்து பேசி முடிவு செய்த பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. முதலில் அதைப் புரட்டிப் பார்க்காதே. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனால் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தேன். உனக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். பர்மியத்தில் எழுதினால் நீ ஒரே மூச்சில் படித்து எறிந்துவிடுவாய். தமிழில் என்றால் எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டும். மெதுவாகவே படி.

இன்னொன்று. இதில் நான் கோ மின் என்று எழுதப்போகிறவனின் பெயர் கோ மின் இல்லை என்று உனக்குத் தெரியும். அந்த வெள்ளைக்காரியையும் ஹானா என்று வைத்துக்கொள்வோம். கடிதம் யார் கையில் போய்ச் சேரும் என்பது எழுதுகிறவளுக்குத் தெரியாது. எண்பத்தெட்டில் ஜனங்கள் ஆட்சியை எதிர்த்து இறங்கியபோது நம் தெருவில் யார் யார் வீட்டில் என்னென்ன பேசினார்கள் என்பதெல்லாம் எப்படி வெளியே போனது என்று பார்த்தவள் நான்.

புயல் அடித்து டெல்டா முழுக்க அழிந்த வருஷம் நீ அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போனாய். அதில் எனக்குப் பெருமைதான். கிம்யிண்டைங் படகுத்துறையில் நம் சாப்பாட்டுக் கடைக்கு வருகிற ஆளிடமெல்லாம் சொன்னேன். திரும்பி வரும்போது இந்த வெள்ளைக்காரர்களை அறிமுகம் பிடித்துக்கொண்டு வந்தாய். செக் நாடு என்றாய். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது என்றாய். கடல் இல்லாத நாட்டுக்காரனுக்குக் கடல் ஏறி வந்த ஊரில் என்ன வேலை என்று கேட்டேன். தண்ணீர்ப் பானை கொடுக்கிறார்கள், விதைநெல் கொடுக்கிறார்கள், படகு கட்டப் பலகை கொடுக்கிறார்கள் என்று அடுக்கினாய். பிறகு, அங்கேயும் முன்பு நம்மைப்போல ஒரே கட்சி ஆட்சிதான், ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கி வெடிக்காமலே ஆட்சி மாறியது, நாம் இறங்கியதற்கு அடுத்த வருஷம்தான் அது என்றாய். உன் முகம் அப்போது பளபளத்தது. எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது. அவர்களுக்கு வெடிக்கவில்லை, நமக்கு வெடித்தது. அதிர்ஷ்டம் அடித்தவன் அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொள்வான். பிறகு அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிடுவான்.

"இவங்க அரசாங்கத்தைச் சேராதவங்கம்மா, தொண்டு செய்றவங்க" என்று சொன்னாயே, நினைவிருக்கிறதா?

"சம்பளம் யாரு குடுக்கறது?" என்றேன்.

"கொஞ்சம் ஜனங்க குடுப்பாங்க. கொஞ்சம் அவங்க அரசாங்கமே குடுக்கும்."

"அப்போ மாப்பிள்ளை வீட்டுல மூணு வேளை சாப்பிட்டுக்கிட்டு, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்கிற மாதிரியா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சரசுவைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லிச் சிரித்தாய். போகிற இடத்தில் நீயும் இப்படிக் கேட்கவேண்டும். கேட்டதற்குச் சிரிப்பு மட்டும் வந்தால், கேள்வியை மடித்து இடுப்பில் செருகிக்கொள், இன்னொரு நாள் மறுபடி எடு.

அப்புறம்தான் காதுகுத்து. மீனாவுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, கப்பலில் வேலை செய்யும் சரசுவின் அண்ணன் ஊருக்கு வரட்டும், தாய்மாமன் மடியில் வைத்துக் குத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். ஒருநாள் நீயே வந்து, "அம்மா, காதுகுத்தை இந்த மாசமே வச்சிருவோம், நம்ம வீட்டுலயே, விருந்தோட" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பேத்திக்குக் காதுகுத்து, அதுவும் நீயாக வாயைத் திறந்து கேட்கிறாய். கோயில் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் நீயே தேதி சொன்னபோதும், அடைமழைக் காலத்தில் யார் விருந்து வைப்பார்கள் என்று தோன்றியபோதும், சந்தோஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். தெரு முழுக்கச் சொன்னேன். ஆட்டுக்கறிக்கும் பாயசத்துக்கும் சொல்லிவிட்டேன். வார்டு ஆபீசில் போய், வீட்டு விசேஷம், ஆட்கள் வருவார்கள் என்று நானே அனுமதியும் வாங்கிவந்தேன். இந்த ஊரில் ஐந்து பேருக்கு மேல் கூடினால் ஏன் என்று கேட்பார்கள். சாமி காரியம், பிள்ளை காரியம் என்றால் கேட்கமாட்டார்கள். அது உனக்கும் தெரிந்திருந்தது.

அன்று காலையில் வந்தவர்களில் பாதிப்பேரை நான் பார்த்ததே இல்லை. டெல்டாவிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட வந்தார்கள், ஆளுக்கொரு வாழைப்பழச் சீப்பைப் பிடித்துக்கொண்டு. எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக மாடிக்கு ஏறினார்கள். கடைசியாக அந்த ஹானா வந்தாள். நரைத்த தலை, நம் ஊர்ப் பாவாடை, கையில் ஒரு காலி பிஸ்கட் தகரம். பாயசம் கொடுக்கலாம் என்று மேலே போனேன். வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தகரத்தின் மூடியில் ஒரு கீறல் போட்டிருந்தது. ஒவ்வொருவரும் காகிதத் துண்டை மடித்து அதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிராமத்து விதைநெல்லைப் பங்கிடும் கமிட்டிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பாடமாம். ஹானா உடைந்த பர்மியத்தில் பேசினாள். எல்லைப்பக்கத்து அகதி முகாமில் கற்றுக்கொண்டாளாம். ஒரு வெள்ளைக்காரிக்கு நம் மொழி எதற்கு என்று எனக்கு இரண்டாவது சந்தேகம் வந்தது.

"எங்க ஊர்லயும் தேர்தல் நடந்தது, அம்மா. காகிதத்துல ஒரே ஒரு பேர்தான் இருக்கும்" என்றாள் என்னைப் பார்த்து.

"ஒரே பேருன்னா பெட்டி எதுக்கு?"

"அதைத்தான் நாங்களும் கேட்டோம்" என்று சிரித்தாள்.

"எங்க காகிதத்துல நிறைய பேர் இருந்தது. வரிசையில நின்னு போட்டோம், எண்ணினாங்க, யாரு ஜெயிச்சாங்கன்னும் சொன்னாங்க. அப்புறம் ஒண்ணும் நடக்கலை, ஜெயிச்சவங்க கையில ஆட்சி வரலை. எங்களுக்கு ஓட்டுப் போடத் தெரியலைன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?" என்றேன்.

மேலே இருந்தவர்கள் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நீ மட்டும் தரையைப் பார்த்தாய். அப்போதுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது. கீழே பட்டுப்பாவாடையோடு என் பேத்தி உட்கார்ந்திருந்தாள், அவள் காதைச் சாக்காக வைத்து நீ மேலே பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தாய். உன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். அதற்குள் வார்டுத் தலைவரும் அவர் மனைவி டோ மியாவும் வாசலில் வந்து நின்றார்கள்.

இந்த இடத்தை நீ ஒழுங்காகக் கவனித்திருக்கமாட்டாய், மேலே தகரத்தை மறைத்துக்கொண்டிருந்தாய். அதனால் சொல்கிறேன். டோ மியா பிறந்ததிலிருந்து தமிழர் தெருவில் வாழ்ந்தவள். நம் விசேஷத்தில் எது முன்னே எது பின்னே என்று நம் பெண்களுக்கே சொல்லிக்கொடுப்பாள். உட்கார்ந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"மாமன் எங்க?"

கப்பலில் இருக்கிறார் என்று சரசு சொன்னாள்.

"மாமன் இல்லாம காதுகுத்தா? உங்க அத்தை இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா? போன வருஷம் எதிர்வீட்டுல மாமனுக்குக் காய்ச்சல்னு விசேஷத்தையே தள்ளி வச்சவங்க ஆச்சே!" என்று என்னைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியைப் பார்த்தாள். "மேல யாரு, இவ்வளவு செருப்பு கிடக்கு?"

வார்டுத் தலைவர் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நாட்டுக்கு நாடு பறந்து வந்து திட்டம் போட்டவர்கள் விசா தேதியைப் பார்த்தார்கள், அனுமதியைப் பார்த்தார்கள், மழையைக்கூடப் பார்த்தார்கள். மாமன் மடியைப் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை, தமிழனாகப் பிறந்து.

"மாமன் மேலதான் இருக்கான்" என்றேன் நான். "சரசு, உன் பெரியம்மா மகனைக் கூப்பிடு. டெல்டாவுலேர்ந்து வந்த களைப்புல படுத்துட்டான் போல. சாப்பிட மட்டும் வந்தானா, மடி குடுக்க வந்தானா?"

சரசு படியேறினாள். அவள் யாரைக் கூட்டிவருவாள் என்று எனக்கே தெரியாது. வந்தவன் கோ மின், டெல்டாக்காரன். பாட்டன் வழியில் கொஞ்சம் தமிழ் ரத்தம் உண்டாம், நிறம் காட்டிக்கொடுக்கவில்லை. தமிழ் மட்டும் நான்கு வார்த்தைதான். அவன் மனைப்பலகையில் உட்கார்ந்ததும் மீனாவைத் தூக்கி மடியில் வைத்தேன். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை வீறிட்டுக் கத்தி அவன் தொடையில் உதைத்தாள். அவன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளைவிட அதிகமாக அழுதான். டோ மியா திருப்தியாகத் தலையாட்டினாள். "இவன்தான் சரியான மாமன், அழுகிறான் பாரு" என்றாள். அவன் எதற்கு அழுதான் என்று பிறகுதான் சரசு கேட்டுச் சொன்னாள். அவனுடைய அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் எல்லோரும் புயலில் போய்விட்டார்கள். அந்த அக்காவுக்கும் இதே வயதில் ஒரு பெண் இருந்தாளாம்.

அடுத்த மாதம் அவன் படகில் வந்து இறங்கினான், கையில் ஒரு ஜோடி வாத்து, உயிரோடு. "மாமன் சீர் செய்யணுமாமே, அம்மா" என்றான். மீனா வாத்துகளுக்குப் பெயர் வைத்தாள். அவன் அதற்கப்புறம் ரங்கூன் வரும்போதெல்லாம் நம் வீட்டில்தான் சாப்பிட்டான். நீ இருக்கிறாயா இல்லையா என்று பார்த்து வரவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். அவன் தன் கிராமத்தில் அதே மாதிரித் தகரம் வைத்துக் கமிட்டிக்கு ஆள் தேர்ந்தெடுத்தான். அதுவரை விதைநெல்லைப் பங்கிட்டவருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அவர் போய் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். தேர்தல் வரப்போகிற சமயத்தில் தகரப்பெட்டி என்றால் சும்மா விடுவார்களா? வந்து அவனைச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹானா அதற்கு முன்பே விசா முடிந்து போயிருந்தாள். அவர்கள் விசா முடிந்தால் போகலாம். நமக்கு அப்படி முடிகிற தேதி எதுவும் இல்லை. நீ அந்த வெள்ளைக்காரர்கள் சொன்னபடி மிங்கலாடோனில் உன் சிநேகிதன் வீட்டுக்குப் போய் ஒதுங்கிக்கொண்டாய். "யாராவது கேட்டா அவரைத் தெரியாதுன்னு சொல்லுங்க, வெளிநாட்டுலேர்ந்து அவங்க பார்த்துக்குவாங்க" என்று எங்களுக்குச் செய்தி அனுப்பினாய். நீ பயந்ததை நான் குறை சொல்லவில்லை. பயப்படாத பிள்ளையை நான் பெறவில்லை, அதுவே எனக்கு நிம்மதி. ஆனால் தெரியாது என்ற சொல்லை யார் யோசித்தார்கள் என்றுதான் கேட்கிறேன். தெருவே பார்க்க அவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு, தெரியாது என்றால் டோ மியா நம்புவாளா?

போன மாதம் ஹானா சுற்றுலாப் பயணியாக மறுபடி வந்தாளே, ஒருநாள் கடைக்கும் வந்தாள். சமையல்கட்டுக்குள் நுழைந்ததும் முதலில் குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காமல் இருக்க. நான் மூடினேன். "காலையில ஒரு மணி நேரம்தான் தண்ணி வரும், இதைவிட சத்தமா அப்பளம் பொரிக்கிறேன், பேசு" என்றேன். இப்படிக் குழாயைத் திறக்கிற பழக்கம் இரண்டு வகை ஆட்களுக்குத்தான் வரும், ஒட்டுக் கேட்கிறவனுக்கும், ஒட்டுக் கேட்கப்பட்டவனுக்கும். இவள் எந்த வகை என்று அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

"அவனுக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"அவர் பேரை எங்க நாட்டுல எல்லா இடத்துலயும் சொல்றோம். படம் போட்டுக் கூட்டம் நடத்தப்போறோம். உங்க மகனும் வந்து பேசுவார்."

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

அதற்கு, தன் புருஷனும் பழைய ஆட்சியில் சிறைக்குள் இருந்தவர் என்று சொன்னாள். அயல்நாட்டு வானொலியில் அவர் பெயரைப் படித்தபோது முதலில் அவளுக்குக் கோபம் வந்ததாம், ஆனால் அடுத்த வாரமே சிறையில் அவருக்கு ஒரு கம்பளி கொடுத்தார்களாம்.

"பேர் சொன்னது வானொலி. சாப்பாடு கொண்டுபோனது யாரு?"

"நான்தான்" என்றாள். "ஒவ்வொரு தடவையும்."

"அப்போ உனக்கே தெரியும்."

அழுதாள். அழுகிறவர்களை நான் உடனே நம்பிவிடுவதில்லை என்று உனக்குத் தெரியும். அவள் புருஷன் கதை உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அப்பளம் இரண்டு சாப்பிட்டாள், கொடுத்தேன்.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன். நீ மிங்கலாடோன் போன அடுத்த வாரமே நானும் சரசுவும் வார்டு ஆபீசுக்குப் போனோம். சிறையில் ரத்த சொந்தம் மட்டும்தான் பார்க்கலாம், அதற்கு வார்டுத் தலைவர் எழுதிக் கொடுக்கவேண்டும். "என் மருமகளோட பெரியம்மா மகன் உள்ள இருக்கான். அவனுக்கு வேற நாதியில்லை. இவ பார்க்கணும்" என்றேன்.

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். "நிஜமாவே பெரியம்மா மகனா?"

"நீங்கதானே முன்வரிசையில உட்கார்ந்து பார்த்தீங்க. உங்க வீட்டம்மா அவனைத்தான் சரியான மாமன்னு சொன்னாங்க. அவங்க தப்பாச் சொல்லிட்டாங்கன்னா வீட்டுல போய் அவங்ககிட்டயே சொல்லுங்க."

கையெழுத்துப் போட்டார். அவருக்கு உண்மை தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் ஏன் போட்டார்? மனைவிக்குப் பயந்தா, இரக்கமா, எங்களைப் பிறகு பிடித்துக்கொள்ள ஒரு கயிறா? இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கும்வரை அவருக்கு வணக்கம் சொல்கிறேன், கடன் மட்டும் எதுவும் வாங்குவதில்லை.

அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சரசு போகிறாள். கூனி இறால் வறுத்த பலாச்சோங், பிஸ்கட், சோப்பு, அவன் கேட்கிற மருந்து. நாள் முழுக்க வரிசையில் நின்று, கொஞ்ச நேரம் கம்பிவலைக்கு இந்தப்பக்கம் நிற்கிறாள். முதல் நாள் அவன் இவளைப் பார்த்ததும் பேச முடியாமல் நின்றானாம். காவலாளி பக்கத்திலேயே இருக்கிறான். இவள்தான், "என்ன அண்ணே, தங்கச்சியை மறந்துட்டியா?" என்று அதட்டினாளாம். அவன் உடனே, "வாத்து முட்டை போடுதா?" என்று கேட்டானாம். உன் பெண்டாட்டி இவ்வளவு நெஞ்சழுத்தக்காரி என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் கரப்பான் பூச்சிக்கு அலறியவள்.

படம் போடுவதைப் பற்றியும் அவனிடமே கேட்டுவிட்டோம், வாத்துக் கதைக்குள் வைத்துத்தான் கேட்டாள் சரசு. பேர் சொல்லட்டும், படம் வேண்டாம் என்பது அவன் பதில். வெளியே வந்தபிறகு கிராமத்தில் நெல் விதைக்கவேண்டும், முகம் எல்லோருக்கும் தெரிந்தால் விதைக்க விடமாட்டார்கள் என்றானாம். இதை ஹானாவிடமும் அவளுக்கு மேலே இருப்பவர்களிடமும் நீ சொல்லவேண்டும். அங்கே உன்னை மேடையில் ஏற்றுவார்கள். கைதட்டுவார்கள். கைதட்டல் ஆளை மயக்கும், உன் அப்பாவும் நாடக மேடை ஏறியவர், எனக்குத் தெரியும். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன்னிடம் ஒரு படத்தை நீட்டி, இதைக் காட்டிப் பேசு என்றால், முடியாது என்று சொல். ஏன் என்று கேட்டால், உள்ளே இருப்பவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று சொல். ஓட்டு என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே? அவன் ஓட்டைப் போட்டுவிட்டான். எண்ணத் தெரிகிறதா என்று பார்ப்போம்.

படிக்கப் போ. நான் தடுக்கவில்லை. குளிருக்குத் தடித்த சட்டை இரண்டு பெட்டியில் இருக்கிறது, மீன்காரர் கையில் இந்தக் கடிதத்தோடு பெட்டியையும் அனுப்புகிறேன். கூட்டத்தில் யாராவது உன்னிடம் அளவுக்கு மேல் பர்மா விவரம் கேட்டால், சமையலைப் பற்றிப் பேசு. யார் இனிமையாகப் பேசினாலும் இந்தத் தெருவின் பெயரைச் சொல்லாதே. நம் ஆட்களிடம் இன்னும் கவனமாக இரு, வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களிடம் அதைவிடக் கவனமாக இரு.

இப்போது நீ கேட்ட பதில். சரசுவும் குழந்தையும் வருவதற்கான படமும் காகிதமும் வராது. சரசுவும் விமான நிலையத்துக்கு வரமாட்டாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குச் சிறையில் பார்க்கும் நாள். அவளாகத்தான் சொன்னாள், "அவருக்கு வழியனுப்ப அங்க நிறைய பேர் இருப்பாங்க அத்தை, அண்ணனுக்கு நான் மட்டும்தான்" என்று. ஒரு தடவை போகாவிட்டால், தங்கச்சி என்றது பொய்யா என்று கேட்பார்கள். அவள் உன்னோடு வெளிநாடு வந்துவிட்டால், அப்புறம் அவனைப் பார்க்க ஆளே இல்லை. எனக்கு உரிமை கிடையாது, நான் தங்கச்சியின் மாமியார்தானே. இந்த முறை மீனாவையும் கூட்டிக்கொண்டு போகிறாள், அவன் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறான். அதிகாலையிலேயே கிளம்புவார்கள். நீ விமானத்தில் ஏறும்போது உன் பெண்டாட்டியும் பிள்ளையும் வெயிலில் வரிசையில் நிற்பார்கள்.

ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் பதில் இதுதான். அவன் வெளியே வந்தபிறகு கேள்.

அம்மா